ஏற்காட்டுப் பனியில் ஓடும் எம்.ஜி.ஏ.வுக்கு என்ன கலர்?

வண்டிப் பெயிண்ட்: வாசகர் கேள்வி, பெயிண்டர் பதில்

பதில் சொல்பவர், சேலம் கோரிமேட்டில் 38 ஆண்டுகளாகப் பழைய கார்களுக்குப் பெயிண்ட் அடித்துவருபவர்.

கேள்வி: அண்ணா, வணக்கம். எங்கள் அப்பா 1971-ல் பெங்களூரில் பழைய வண்டியாக வாங்கிய எம்.ஜி.ஏ. 1500 என்ற இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார், மேல் திறந்த மாடல், ஏற்காட்டில் எங்கள் காப்பித் தோட்டத்து ஷெட்டில் இருபது வருஷமாக நிற்கிறது. 1957-ல் செய்த வண்டி. வாங்கியதும் அப்பா மெரூன் அடித்தார். ஆர்.சி.யிலும் மெரூன்தான். போன வருஷம் அப்பா தவறிவிட்டார். வண்டியை மறுபடி ஓட வைக்கலாம் என்று வேலையை ஆரம்பித்திருக்கிறோம். இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார் என்றால் கரும்பச்சைதான் அழகு என்கிறான் என் மகன். என் தம்பியோ அப்பா அடித்த மெரூனையே அடிக்கச் சொல்கிறான். பானெட்டுக்குள் இருக்கும் தகட்டில் எச்.டி.ஆர். என்று ஆரம்பிக்கும் நம்பர் இருக்கிறது. எந்தக் கலர் அடிக்கலாம்?
(ஏற்காடு வாசகி)

பதில்: அம்மா, நீங்கள் கடைசியில் எழுதிய மூன்று எழுத்தில் பாதிப் பதில் இருக்கிறது. எம்.ஜி.ஏ. 1500 வண்டியில் சேஸிஸ் நம்பருக்கு முன்னால் வருகிற மூன்றாவது எழுத்து கலரைச் சொல்லும். ஏ என்றால் கறுப்பு. கே என்றால் சிவப்பு. ஆர் என்றால் வெள்ளை. எம்.ஜி.யின் ஆபிங்டன் தொழிற்சாலையை விட்டு உங்கள் வண்டி வெள்ளையாகத்தான் வெளியே வந்திருக்கிறது. அந்த வெள்ளைக்கு ஓல்டு இங்கிலீஷ் ஒயிட் என்று பேர். அரசாங்க ஜீப்பின் வெள்ளை மாதிரி இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பசும்பாலைச் சுண்டக் காய்ச்சினால் மேலே படியும் ஏடு இருக்கிறதே, அந்த நிறம்.

ஆனால் தகட்டை மட்டும் நம்பி ஸ்ப்ரே கன்னைக் கையில் எடுக்க வேண்டாம். இத்தனை வருஷத்தில் கதவு மாறியிருக்கலாம், டிக்கி மூடி மாறியிருக்கலாம். வண்டியிடமே ஒருமுறை கேட்டுவிடுங்கள். எம்.ஜி.ஏ. திறந்த மாடலில் டேஷ்போர்டுத் தகட்டுக்கும் வண்டியின் கலரைத்தான் அடித்து அனுப்பினார்கள். அதன் பின்பக்கம், கதவின் உள் அட்டைக்குப் பின்னால், டிக்கி ரப்பருக்கு அடியில் என்று மூன்று இடம் பாருங்கள். அங்கெல்லாம் வெயில் படுவதில்லை, மறுபெயிண்ட் அடிக்கிறவர்களும் பெரும்பாலும் அங்கே பழைய பெயிண்டை எடுப்பதில்லை.

சுரண்டக் கூடாது. பிளேடால் சுரண்டினால் எல்லாக் கோட்டும் ஒன்றாகப் பெயர்ந்து வந்துவிடும், எது எதற்கு அடியில் இருந்தது என்றே தெரியாமல் போகும். 800 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, ஒரு விரல் நுனியில் மட்டும் வைத்து, ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு வட்டமாகத் தேயுங்கள். நடுவில் அழுத்தம், ஓரத்தில் லேசாக. இரும்பு தெரிந்ததும் நிறுத்திவிட்டு 1500 பேப்பரால் ஓரத்தை மெழுகுங்கள். துணியால் துடைத்துப் பாருங்கள், வெட்டிய மரத்தின் வளையம் மாதிரி ஒவ்வொரு கோட்டும் தெரியும். வெளி வளையம் அப்பாவின் மெரூன். அதற்குள்ளே மெல்லிசாகச் சாம்பல் பிரைமர். அதற்குள்ளே ஏட்டு நிறத்தில் ஒரு வளையம் தெரிந்தால் தகடு சொன்னது சரி. பழைய பெயிண்டில் ஈயம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். எந்த இடத்திலும் தண்ணீர் விட்டே தேய்க்க வேண்டும், உலர் பேப்பர் போட்டுத் தூசியைக் கிளப்பக் கூடாது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அந்தத் தண்ணீரையும் பார்த்துக் கொட்டுங்கள்.

காகிதச் சாட்சி வேண்டுமென்றால் இங்கிலாந்தில் கேடன் என்ற ஊரில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்துக்கு எழுதலாம். எம்.ஜி. தொழிற்சாலையின் பழைய பதிவேடுகள் அங்கே இருக்கின்றன. சேஸிஸ் நம்பரைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால், எந்தக் கலரில் எப்போது செய்த வண்டி என்று சான்றிதழ் அனுப்புவார்கள்.

மகன் கேட்கும் பச்சைக்கு வருகிறேன். அவர் ஆசையில் தப்பில்லை, அந்தப் பச்சைக்குப் பெரிய கதையே இருக்கிறது. 1902-ல், நாடுகளுக்கிடையே நடந்த கார்டன் பென்னட் கோப்பைக் கார் பந்தயத்தை இங்கிலாந்தின் நேப்பியர் காரில் செல்வின் எட்ஜ் ஜெயித்தார். ஜெயித்த நாடுதான் அடுத்த பந்தயத்தை நடத்த வேண்டும். இங்கிலாந்து ரோட்டில் பந்தயம் விடச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. அதனால் 1903 பந்தயத்தை அயர்லாந்தில் நடத்தினார்கள். அந்த மண்ணுக்கு மரியாதையாக நேப்பியர் கார்களுக்குப் பச்சை அடித்தார்கள். இத்தாலிக்குச் சிவப்பு, பிரான்ஸுக்கு நீலம் என்பது போல இங்கிலாந்துக்கு அதிலிருந்து பச்சை நிலைத்தது. எம்.ஜி.ஏ.வுக்கும் இதில் பங்கு உண்டு. வண்டி விற்பனைக்கு வருவதற்குச் சில மாதம் முன்னால், 1955 ஜூனில், லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் இ.எக்ஸ். 182 என்ற பேரில் மூன்று எம்.ஜி.க்கள் பச்சை நிறத்தில் ஓடின. ஒன்று விபத்தில் சிக்கியது, மற்ற இரண்டும் 12-வது, 17-வது இடத்தில் முடித்தன.

ஆனாலும் கடையில் விற்ற எம்.ஜி.ஏ. 1500-க்கு அந்தக் கரும்பச்சை கலர் கார்டிலேயே இல்லை. கறுப்பு, ஓரியண்ட் ரெட், ஓல்டு இங்கிலீஷ் ஒயிட், கிளேசியர் ப்ளூ, டைரோலைட் கிரீன், அப்புறம் வந்த ஆஷ் கிரீன். திறந்த மாடலுக்கு இவைதான். இதில் உள்ள இரண்டு பச்சையும் பந்தயப் பச்சை இல்லை.

இன்னொரு காரணமும் சொல்ல வேண்டும். இது என் கையால் நடந்தது. பல வருஷத்துக்கு முன்னால் ஏற்காட்டுக்காரர் ஒருவர் தன் அம்பாசிடருக்குக் கரும்பச்சை கேட்டார். ராத்திரி எட்டு மணிக்கு, டியூப்லைட் வெளிச்சத்தில், நகம் அளவு ஷேட் கார்டைக் காட்டினேன். அவரும் சரி என்றார். கோரிமேட்டு வெயிலில் வண்டி மின்னியது. மேலே போன பிறகு சில்வர் ஓக் நிழலில் அது கறுப்பாகிவிட்டது. மார்கழியில் ஒரு சாயங்காலம் பனி இறங்கிய நேரத்தில், கொண்டை ஊசி வளைவில் மேலிருந்து வந்த பஸ் டிரைவருக்கு, பக்கத்தில் வரும் வரை இந்த வண்டி தெரியவே இல்லை. பக்கச் சுவரில் உரசியதோடு போயிற்று. காப்பிச் செடியும் கருநிழலும் பனியும் இருக்கும் இடத்தில் கரும்பச்சை ஒளிந்துகொள்ளும் என்பதை அடிக்கும் முன்னால் நான் யோசித்திருக்க வேண்டும். கூலி வாங்காமல் வெளிர்சாம்பல் அடித்துக் கொடுத்தேன். இருபது கொண்டை ஊசி ஏறி இறங்கும் வண்டி உங்களுடையது. உயரம் குறைவு, அம்பாசிடர் பக்கத்தில் நின்றால் குள்ளமாகத் தெரியும். அதற்குக் கரும்பச்சை அடிக்க என் மனசு ஒப்பவில்லை.

மெரூன்தான் கஷ்டமான கேள்வி. தம்பி கேட்பது கலரை இல்லை, அப்பாவை. அதை நான் தள்ளிவிட்டுப் பேச மாட்டேன். அவர் நாற்பது வருஷத்துக்கு மேல் ஓட்டி, துடைத்து, வைத்திருந்த கலர் அது. இருந்தாலும் பெயிண்ட் கீழே துருப்பிடித்துத் தகடு வரை எடுத்துவிட்டு மறுபடி அடிக்கப் போகிறீர்கள் என்றால், நீங்கள் புதிதாக அடிக்கும் மெரூன் அப்பா அடித்த மெரூன் ஆகாது. அதனால் நான் செய்யச் சொல்வது இது. டேஷ்போர்டின் பின்பக்கத்தில் நீங்கள் தேய்த்துப் பார்த்த அந்த வட்டத்தையும் அதைச் சுற்றிய மெரூனையும் அப்படியே விட்டுவிடுங்கள். பெயிண்டரிடம் சொல்லி அந்த இடத்தில் பேப்பர் ஒட்டி மறைத்துவிட்டு மீதியை அடிக்கச் சொல்லுங்கள். கையை உள்ளே விட்டால் அப்பாவின் பெயிண்ட் விரலில் படும். அப்புறம் தம்பிக்கு ஒரு நல்ல செய்தி: எம்.ஜி.ஏ. 1500-இன் என்ஜினுக்குத் தொழிற்சாலையிலேயே மெரூன்தான் அடித்தார்கள். நம் அம்பாசிடரில் வந்த 1489 சி.சி. பி.எம்.சி. (எம்.ஜி.யின் தாய்க் கம்பெனி) என்ஜினும் இதுவும் ஒரே குடும்பம், அதனால் சேலத்தில் எந்தப் பழைய மெக்கானிக்குக்கும் கை பழகியது. பானெட்டைத் திறந்தால் ஏட்டு வெள்ளைக்கு நடுவில் மெரூன் என்ஜின் நிற்கும். சீட்டுக்குச் சிவப்பு ரெக்ஸின் போடலாம், அந்த வெள்ளைக்குத் தொழிற்சாலை கொடுத்த ஜோடி நிறங்களில் சிவப்பும் ஒன்று.

ஆக, என் பதில் ஓல்டு இங்கிலீஷ் ஒயிட். ஆனால் அந்தப் பேரைக் கடையில் சொன்னால் போதாது. அது ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு மாதிரி வரும். பி.எம்.சி. கோடு டபிள்யூ.டி. 3 என்று கேளுங்கள். உங்கள் வண்டியிலேயே பழைய வெள்ளை கிடைத்தால் இன்னும் நல்லது. அந்த இடத்தைக் கொஞ்சம் காம்பவுண்ட் (பாலிஷ் பேஸ்ட்) போட்டுத் தேய்த்து, மேலே படிந்த மஞ்சளை எடுத்துவிட்டு அப்புறம் கலர் மெஷினில் காட்டுங்கள். தேய்க்காமல் காட்டினால் மெஷின் அழுக்கையும் சேர்த்துப் படிக்கும், வருகிற வெள்ளை மோராக இருக்கும்.

கலர் கலந்ததும் வண்டிக்கு அடிக்க வேண்டாம். பழைய ஸ்கூட்டரின் பக்க மூடி (டூம்) ஒன்றை வாங்கி அதற்கு அடியுங்கள். தட்டையான அட்டை வேண்டாம். எம்.ஜி.ஏ.வின் மட்கார்டு முழுக்க வளைவு, வளைவில் கலர் ஒரு பக்கம் வெளுத்து ஒரு பக்கம் கறுத்துத் தெரியும். அந்த டூமைத் தோட்டத்துக்கு எடுத்துப்போய்க் காலை ஏழு மணிப் பனியில் ஒருமுறை, உச்சி வெயிலில் ஒருமுறை, விளக்கு வைக்கும் நேரத்தில் ஒருமுறை பாருங்கள். ஏற்காட்டுக் காலை வெளிச்சத்தில் ஒரு நீலம் இருக்கும். சுத்த வெள்ளை அதில் சவக்களையாகத் தெரியும். ஏட்டு வெள்ளை அதே வெளிச்சத்தில் இதமாக நிற்கும். காப்பி பூக்கும் வாரத்தில் பார்த்தீர்களானால் வேறு யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது.

பெயிண்டரிடம் இரண்டு விஷயம் மறக்காமல் சொல்லுங்கள். எம்.ஜி.ஏ.வில் கதவு, பானெட், டிக்கி மூடி மூன்றும் அலுமினியத் தகடு, மற்றதெல்லாம் இரும்பு. காந்தம் வைத்துப் பார்த்தால் தெரியும். அலுமினியத்தில் சாதாரணப் பிரைமர் பிடிக்காது, தகட்டை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும் எட்ச் பிரைமர் அடித்துத்தான் மேலே போக வேண்டும். இதைத் தெரியாமல் அடித்தால் இரண்டே வருஷத்தில் பானெட் அப்பளம் மாதிரி உரியும். இரண்டாவது, கிளியர் கோட் வேண்டாம். புது வண்டிகளில் மேலே கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு அடிக்கிறார்களே, அந்த ஈர மினுமினுப்பு 1957 வண்டிக்குப் பொருந்தாது. இரண்டு பாகம் கலக்கும் பி.யு. (பாலியூரித்தேன்) பெயிண்டிலேயே கிளியர் இல்லாத சாலிட் கலர் கிடைக்கும். அதை அடித்து, நன்றாகக் காய்ந்ததும் 2000 பேப்பர் போட்டுக் காம்பவுண்ட் தேய்த்தால் பழைய பளபளப்பு வரும். பி.யு. ஹார்ட்னர் நுரையீரலைக் கெடுக்கும், அடிக்கிறவர் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிக்க விடாதீர்கள். அதற்கான மாஸ்க் வாங்கிக் கொடுத்து அடிக்கச் சொல்லுங்கள்.

ஆர்.சி.யில் மெரூன் இருப்பதால் வெள்ளை அடித்ததும் ஆர்.டி.ஓ. ஆபீசில் கலர் மாற்றத்தைப் பதிய வேண்டும். 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு 2021 முதல் வின்டேஜ் பதிவும் உண்டு, நம்பரில் வி.ஏ. என்று வரும். ஆனால் அப்படிப் பதிந்தால் கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், பெட்ரோல் போடுவது, ரிப்பேர் போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். தினம் தோட்டத்துக்கும் கடைக்கும் ஓட்டுவதாக இருந்தால் யோசித்துச் செய்யுங்கள்.

கேள்வி: அண்ணே, நானும் பெயிண்டர்தான். ஒரு பழைய காருக்கு ஒரிஜினல் மாதிரி இருக்கட்டும் என்று என்.சி. (பழைய நைட்ரோசெல்லுலோஸ் வகை) பெயிண்டில் கறுப்பு அடித்தேன். மழைக்கால மத்தியானம். அடித்த பத்து நிமிஷத்தில் முழுக்கப் பால் பூத்த மாதிரி வெளுத்துவிட்டது. பெயிண்ட் கலப்படமா?
(நாகலூர் வாசகர்)

பதில்: பெயிண்ட் மேல் பழி போட வேண்டாம் தம்பி. தின்னர் ஆவியாகும்போது தகட்டின் சூட்டையும் இழுத்துக்கொண்டு போகும். தகடு குளிரும். ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளருக்கு வெளியே வேர்க்கிறதே, அதே மாதிரி காற்றில் உள்ள ஈரம் ஈரப் பெயிண்டில் இறங்கிவிடும். ஏற்காட்டு மலை மேல், மேகம் ஷெட்டுக்குள் நுழைந்து போகும் ஊரில், மழைக்காலத்தில் வேகத் தின்னர் போட்டு என்.சி. அடித்தால் பூக்கத்தான் செய்யும். கறுப்பில் நன்றாகத் தெரியும், வெள்ளையில் தெரியாது, ஆனால் அங்கேயும் பளபளப்புச் செத்துப்போகும்.

இப்போதைக்கு உரிக்க வேண்டாம். வெயில் அடிக்கிற நாளாகப் பார்த்து, மெதுவாகக் காயும் ரிடார்டர் தின்னரை மெல்லிசாக ஒரு கோட் மேலே விடுங்கள். என்.சி. மறுபடி இளகி ஈரத்தை விட்டுவிடும், கறுப்புத் திரும்பும். பி.யு.வில் இந்த வைத்தியம் பலிக்காது. இனிமேல் மேலே அடிப்பதாக இருந்தால் தை, மாசியில் அடியுங்கள். சேலத்துக்கு இறக்கிச் சித்திரையில் அடித்தாலும் தொல்லைதான். கன்னிலிருந்து கிளம்பிய பெயிண்ட் தகட்டில் விழும் முன்னாலேயே காய்ந்து ரவை மாதிரி உட்காரும். அப்போதும் மெதுத் தின்னர்தான், விடிந்ததும் ஆரம்பித்துப் பத்து மணிக்குள் கன்னைக் கழுவிவிட வேண்டும்.

கேள்வி: சார், நான் இன்ஜினியரிங் மாணவன். ஜாகுவார் இ-டைப் 1:24 பிளாஸ்டிக் மாடல் கிட் வாங்கியிருக்கிறேன். 1961-ல் முதன்முதலில் காட்டிய காரின் கலரிலேயே செய்ய ஆசை. கார் பெயிண்ட் கடையில் மெட்டாலிக் கிரே ஸ்ப்ரே டப்பா கிடைக்கிறது. அதை அடிக்கலாமா?
(சேலம் ஐந்து ரோடு வாசகர்)

பதில்: அடிக்காதீங்க தம்பி. கார் ஸ்ப்ரேயில் உள்ள தின்னர் அந்தப் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். பானெட் மேல் வெடிப்பு வெடிப்பாக வரும், கிட் போனது போனதுதான். மாடலுக்கென்றே வரும் பெயிண்ட் வாங்குங்கள்.

கலரைப் பொறுத்தவரை, 1961 மார்ச்சில் ஜெனீவாவில் காட்டியபோது இரண்டு வண்டி பேர் வாங்கின. 9600 எச்.பி. நம்பர் கொண்ட மூடிய வண்டி கன்மெட்டல் கிரே. 77 ஆர்.டபிள்யூ. நம்பர் கொண்ட திறந்த வண்டி பிரிட்டிஷ் ரேசிங் கிரீன். கூட்டம் தாங்காமல், இரண்டாவது வண்டியை உடனே கொண்டுவா என்று ஜாகுவார் கம்பெனி சொல்ல, டெஸ்ட் டிரைவர் நார்மன் டூவிஸ் ராத்திரியோடு ராத்திரியாகக் கவென்ட்ரியிலிருந்து ஓட்டி வந்தார். உங்கள் கிட்டில் மேல்கூரை இருந்தால் கிரே, திறந்தது என்றால் பச்சை.

கிரே செய்வதானால் ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். உங்கள் மாடல் 18 சென்டிமீட்டர் சொச்சம் இருக்கும். நிஜக் காரில் கண்ணுக்கே தெரியாத அலுமினியப் பொடி, இதில் 24 மடங்கு பெரிதாகத் தெரியும். கார் மெட்டாலிக்கை அடித்தால் வண்டி மேல் ஜல்லி கொட்டின மாதிரி இருக்கும். ஜாகுவாரின் அந்த மெட்டாலிக் மிக நயமானது, ஓபலசென்ட் என்று சொல்வார்கள். மாடல் பெயிண்டிலும் பொடி மிக நயமாக உள்ளதைத் தேடுங்கள். கலரும் நிஜத்தைவிட ஒரு சொட்டு வெளுப்பாக இருக்கட்டும். தூரத்தில் நிற்கும் கார் பக்கத்தில் நிற்கும் காரைவிட வெளுத்துத் தெரியுமல்லவா, சின்ன மாடலும் நம் கண்ணுக்குத் தூரத்துக் கார்தான். பச்சை என்றால் இது இன்னும் முக்கியம், குப்பியில் இருப்பதை அப்படியே அடித்தால் அலமாரியில் கறுப்புக் காராக உட்கார்ந்திருக்கும்.

முதலில் பாகங்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காய வையுங்கள், அச்சிலிருந்து வந்த எண்ணெய் ஒட்டியிருக்கும். அப்புறம் ஐஸ்கிரீம் கடையில் முன்பு கொடுத்த வெள்ளைப் பிளாஸ்டிக் ஸ்பூன் வீட்டில் கிடந்தால் பத்து எடுங்கள். அதன் முதுகு வளைவும் இ-டைப் பானெட் வளைவும் ஏறக்குறைய ஒன்று. ஒவ்வொரு ஸ்பூனுக்கும் பிரைமர் ஒரு நிறம், மேல் கோட் எண்ணிக்கை ஒன்று என்று மாற்றி அடித்து, காம்பிலேயே பேனாவால் எழுதிவையுங்கள். ஜன்னலோரத்தில் பார்த்துப் பிடித்த ஸ்பூனை எடுத்துக்கொண்டு அதே மாதிரி வண்டிக்கு அடியுங்கள்.

கேள்வி: ஐயா, என்னிடம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருக்கிறது. ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி சிவப்பு அடிக்க ஆசைப்படுகிறேன். குடும்பக் காருக்கு இது அதிகம் என்கிறார்கள் வீட்டில்.
(ஆத்தூர் வாசகர்)

பதில்: அதிகமே இல்லை. 1962-ல் வந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார், ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கி அதன் மேல் கட்டியது. இரண்டையும் வரைந்தவரும் ஒருவரே, இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. 1961-லிருந்து சென்னையில் செய்த உங்கள் ஹெரால்டு அந்த ஸ்போர்ட்ஸ் காருக்கு அக்கா முறை. வீட்டில் இதைச் சொல்லுங்கள்.

சிவப்பில் மட்டும் காசு பார்க்காதீர்கள். மலிவுச் சிவப்பு ஆத்தூர் வெயிலில் சீக்கிரமே வெளுத்துச் செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். நல்ல கம்பெனிப் பி.யு. சிவப்பே வாங்குங்கள், அடியில் சாம்பல் பிரைமருக்குப் பதில் சிவப்புப் பிரைமர் போட்டால் கோட் குறையும், ஆழமும் கிடைக்கும். ஹெரால்டில் பானெட், இரண்டு முன் மட்கார்டு எல்லாம் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். பெட்ரோல் பங்கில் ஆயில் பார்க்கத் திறந்தாலே உள்பக்கம் முழுக்க ஊருக்குத் தெரியும். பெரும்பாலான பெயிண்டர்கள் அந்த உள்பக்கத்தைப் பழைய கலரிலேயே விட்டுவிடுவார்கள். கூலி பேசும்போதே அதையும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள்.